எக்ஸ்டெம்ப்பில் தவறான தகவலைத் தடுமாறாமல் சொன்னால் முதலிடமா?

யாழ்_நியூஜெர்சி

சனிக்கிழமை ஓர் உயர்நிலைப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பிள்ளை போட்டிக்குப் போனால் பெற்றோரில் ஒருவர் நடுவராக வரவேண்டும் என்பது மகளின் பள்ளியில் வழக்கம். மகள் பேசுவது அமெரிக்க உள்நாட்டு எக்ஸ்டெம்ப். எனக்குக் கிடைத்தது சர்வதேச எக்ஸ்டெம்ப் இறுதிச்சுற்று.

தெரியாதவர்களுக்காக: எக்ஸ்டெம்ப் என்பது முன்கூட்டி எழுதி வைக்காமல் பேசும் போட்டி. பிள்ளை மூன்று கேள்விச் சீட்டுகளை எடுத்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். 30 நிமிடம் தயாரிப்பு. பிறகு கையில் தாள் இல்லாமல் 7 நிமிடப் பேச்சு. கேள்விகள் எல்லாமே நடப்புச் செய்தி.

ஒரு பையனுக்கு வந்த கேள்வி, இலங்கை ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவால் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்குள் நின்று தன் தேர்தல் வாக்குறுதிகளை நிறைவேற்ற முடியுமா என்பது. எனக்கு நெஞ்சு படபடத்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 2022இல் என் சித்தி மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதைத் தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் கேட்டவள்.

பையன் அருமையாகப் பேசினான். குரல், நடை, பார்வை எதிலும் குறையில்லை. ஆனால் அவனுடைய முதல் காரணம் இது: "சீனக் கடனைக் கட்ட முடியாமல் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவுக்குக் கொடுத்தது, அதனால்தான் நாடு திவாலானது." இது பிழை. 2017இல் அந்தத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது உண்மை. கிடைத்த சுமார் 112 கோடி டாலர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகக் கடன் தீரவில்லை, அரசின் கணக்கிலேயே இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தபோது கழுத்தை நெரித்த பெரிய பாரம் சந்தையில் விற்ற சர்வதேசப் பிணைமுறிகள், அதாவது கடன் பத்திரங்கள். பிறகு மறுசீரமைத்தபோது அவை மட்டும் சுமார் 1,250 கோடி டாலர்.

நான் அவனுக்கு நாலாம் இடம் போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் முதலிடம் போட்டார்கள். அவனே கோப்பையை வாங்கினான். அந்த வயதில் அப்படிப் பேசுகிற பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தப் போட்டி பிள்ளைகளுக்கு எதைப் பழக்குகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

பே_ஏரியா_அப்பா

அக்கா, நேராகவே சொல்கிறேன். நீங்கள் செய்தது நியாயமில்லை. நடுவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே உங்கள் சொந்தக் கருத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்பதுதான். வேறு கேள்வியை எடுத்த பிள்ளை வெனிசுவேலா பற்றியோ சூடான் பற்றியோ இதைவிடப் பெரிய தவறு சொல்லியிருக்கலாம். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கும். இந்தப் பையன் செய்த ஒரே குற்றம், உங்கள் ஊரைப் பற்றிய சீட்டைத் தேர்ந்தெடுத்தது.

யாழ்_நியூஜெர்சி

தம்பி, கருத்தை வெளியே வைக்கலாம். நடந்ததை எப்படி வெளியே வைப்பது? அனுர நல்லவரா கெட்டவரா என்று அவன் சொன்னதற்கு நான் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் 225க்கு 159 ஆசனம் எடுத்தும் அவர் கை கட்டுண்டிருக்கிறது என்றான். நல்ல வாதம். நான் குறைத்தது துறைமுகக் கதைக்கு மட்டும். அவன் பதிலே அதன்மேல்தான் நின்றது.

பழைய_டப்

நான் 2003 முதல் 2006 வரை டெக்சாஸில் எக்ஸ்டெம்ப் பேசியவன். அன்றைக்கு லேப்டாப் கிடையாது. இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப், உள்ளே நாடுவாரியாகக் கோப்புகள். ஞாயிறு மாலை முழுக்க டைம், நியூஸ்வீக், எகனாமிஸ்ட் இதழ்களை வெட்டி அடுக்குவோம். பாகிஸ்தான் கோப்பு தடியாக இருக்கும், பராகுவே கோப்பில் ஒரே ஒரு தாள். அம்மா வேனில் அந்த டப்பைத் தூக்கி வைத்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழியைப் போடும் இடம் தவறு. சீனா கடன் கொடுத்து நாடுகளைச் சிக்கவைக்கிறது என்கிற "கடன் பொறி" கதையைப் பையனா கண்டுபிடித்தான்? 2018 வாக்கில் பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளே அப்படித்தான் எழுதின. வாஷிங்டன் அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொன்னார்கள். 16 வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் தேடினால் முதலில் கையில் சிக்குவது அதுதான். அவன் பொய் சொல்லவில்லை. நம்பத்தகுந்தவர்கள் சொன்னதை நம்பினான்.

அந்த அரை மணி எப்படிப் போகும் தெரியுமா? சீட்டெடுத்துத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம். படித்து மூன்று காரணங்களைப் பிரிக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் நடைகூடத்தில் சுவரைப் பார்த்து நின்று பேசவேண்டும். போட்டி நாளில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் கோட்டும் டையும் போட்ட பிள்ளைகள் லாக்கர் கதவுகளோடு ஈரான் அணுசக்தி பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பேசிப் பேசித்தான் தேதிகளும் ஆதாரங்களும் வாயில் நிற்கும். எனக்கு இன்றுவரை வேலையில் சோறு போடுவது அந்தச் சுவர்தான்.

மிச்சிகன்_அம்மா

சுவர் சோறு போடட்டும், ஆதாரங்கள் பற்றி ஒன்று கேட்கிறேன். என் மகன் ஒரு பேச்சில் ஏழெட்டு மேற்கோள் சொல்கிறான், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு. ஒருநாள் காரில் வரும்போது கேட்டேன், "எல்லாத் தேதியும் எப்படிடா நினைவிருக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாசம் சரியா இருக்கும்மா, நாள் மறந்தா ஒண்ணைச் சொல்லிடுவோம், எல்லாரும் அப்படித்தான்" என்றான்.

எல்லாரும் அப்படித்தான். இந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் நடுவர் யாரும் சரிபார்ப்பதில்லை. நம் ஊரில் நான் பேசிய பேச்சுப் போட்டியெல்லாம் அப்பா எழுதித் தந்ததை மனப்பாடம் செய்தது. அதில் சிந்தனை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய்த் தேதியும் இல்லை.

பே_ஏரியா_அப்பா

நாள் மாறினால் என்ன பெரிய குடி முழுகிப்போகிறது? செய்தி உண்மை, பத்திரிகை உண்மை. மேடையில் பெரியவர்களே "போன வாரம் படித்தேன்" என்று சொல்வதில்லையா?

பழைய_டப்

இந்த இடத்தில் உங்களோடு நிற்கமாட்டேன், அண்ணா. தேதியைக் கற்பனை செய்வது விதிமீறல். தேசியப் பேச்சு விவாதக் கழகத்தின் போட்டிகளில் ஆதாரத்தை இட்டுக்கட்டினால் போட்டியிலிருந்தே நீக்கலாம். மகனிடம் சொல்லுங்கள், அக்கா: நாள் நினைவில்லை என்றால் மாதத்தை மட்டும் சொல்லட்டும். "பிப்ரவரியில் எகனாமிஸ்ட் எழுதியது" என்று சொன்னதற்காக எனக்கு யாரும் இடம் குறைத்ததில்லை.

யாழ்_நியூஜெர்சி

எகனாமிஸ்ட் என்றதும் ஒன்று. சனிக்கிழமைப் பையன் சொன்ன எகனாமிஸ்ட் தேதியை எழுதி வைத்துக்கொண்டு வந்து காலண்டரில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. அந்த இதழில் சனிக்கிழமைத் தேதிதானே இருக்கும்?

பழைய_டப்

அச்சிதழுக்குச் சனிக்கிழமைத் தேதி, சரிதான். என் காலத்தில் எங்கள் கோச் அதை வைத்தே எங்களைப் பிடிப்பார். ஆனால் இன்றைக்குத் தயாரிப்பு அறையில் டப் இல்லை, லேப்டாப்தான். இணையத்தில் அவர்கள் எந்த நாளும் கட்டுரை போடுகிறார்கள். செவ்வாய் என்பதால் மட்டும் பொய் என்று சொல்லமுடியாது. தயவுசெய்து அதை பேலட்டில், அதான் நடுவர் இடமும் குறிப்பும் எழுதும் தாளில், எழுதிவிடாதீர்கள்.

யாழ்_நியூஜெர்சி

எழுதவில்லை. நல்லவேளை கேட்டேன். நன்றி, தம்பி.

ஆனால் என் பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. "இல்லை, மூன்று காரணங்களால்." நான் கேட்ட ஆறு பேச்சிலும் இதே அச்சு. ஆறு பேருக்கும் உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று காரணம். ஒருவர்கூட "இது உறுதியாகத் தெரியவில்லை" என்று சொல்லவில்லை. நான் ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையை உயர்த்தி மீதி நிமிடங்களுக்கு விரலும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விரல், பிறகு அரை நிமிடத்துக்கு வளைத்த கை, பிறகு மூடிய முட்டி. முட்டியைப் பார்த்ததும் எல்லாரும் தொடக்கக் கதைக்குத் திரும்பி அழகாக முடித்தார்கள். அழகுக்குக் குறைவே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனத்தை ஏன் அனுரவின் தென்னிலங்கைக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பது எங்கள் வீட்டிலேயே இன்னும் முடியாத சண்டை. அதற்கு இவன் ஒன்றரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

பே_ஏரியா_அப்பா

மூன்று காரணம் என்பது குழந்தை நடக்கப் பழகும் வண்டி. அதைப் பிடுங்கினால் விழும். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது கடையில் காபி கேட்கவே என் பின்னால் ஒளிவாள். இன்று முன்பின் தெரியாத மூன்று பெரியவர்கள்முன் நின்று மத்திய வங்கி வட்டி விகிதம் பேசுகிறாள். காலையில் எனக்கு முன்னால் செய்தி படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் என்னைத் திருத்துகிறாள். தவறு செய்யட்டும் அக்கா. பெரியவர்களான பிறகு திருத்திக்கொள்ள வாழ்நாள் இருக்கிறது. பேசவே வராதவனுக்குத் திருத்த என்ன இருக்கும்? உச்ச நீதிமன்ற நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன்கூட உயர்நிலைப் பள்ளியில் இப்படிப் பேசி வந்தவர்தானே.

மிச்சிகன்_அம்மா

ஜாக்சன் மயாமியில் பள்ளிக்காலத்தில் பேசி வென்றது ஒரேட்டரி. அது மாணவரே எழுதி, மனப்பாடம் செய்து, வருடம் முழுக்க மெருகேற்றும் பேச்சு. எக்ஸ்டெம்ப் அல்ல. அதில் தகவலைச் சரிபார்க்க மாதக்கணக்கில் நேரம் உண்டு. நீங்கள் சொன்ன உதாரணம் அக்காவின் பக்கம்தான் சேர்கிறது.

பழைய_டப்

நான் இரண்டு விதமும் பார்த்தவன் என்பதால் ஒரு யோசனை. டெக்சாஸில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் யு.ஐ.எல். போட்டியில் எக்ஸ்டெம்ப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று விளக்கவுரை, இன்னொன்று வாதவுரை. மூன்று சீட்டுக்குப் பதில் ஐந்து சீட்டு எடுக்கலாம். கையில் ஒரு சிறு அட்டையும் வைத்துக்கொள்ளலாம். நான் முதல் வருடம் விளக்கவுரைதான் பேசினேன். "இலங்கையின் கடன் நெருக்கடி எப்படி வந்தது" என்கிற மாதிரிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று எதுவும் தேவையில்லை. தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். முதல் வருடப் பிள்ளைகளை அங்கே நிறுத்தினால் தீர்ப்புச் சொல்லும் அவசரம் குறையும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, தேசியப் போட்டியின் இறுதிச்சுற்றில் பேசி முடித்தவரை இன்னொரு போட்டியாளர் குறுக்குக் கேள்வி கேட்பார். அந்த ஒரு பழக்கம் எல்லாச் சுற்றுக்கும் வந்தால் அக்கா கேட்பதில் பாதி தீர்ந்துவிடும். "துறைமுகப் பணம் எங்கே போனது?" என்று ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

பே_ஏரியா_அப்பா

நாள் முழுக்க நாலைந்து சுற்று, ஒவ்வொரு அறையிலும் ஆறு பேர், ஏழு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகச் சீட்டெடுக்கிறார்கள். அதில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூட்டினால் அட்டவணை என்னாகும்? இப்போதே விருது வழங்க இரவு எட்டு மணி ஆகிறது. நடுவர் கிடைக்காமல் வாசலில் நிற்கும் அப்பாக்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நிற்கிற அப்பாக்களில் நானும் ஒருவன். எனக்கு இலங்கைப் பிணைமுறி தெரியாது. என்முன் அந்தப் பையன் பேசியிருந்தால் நானும் முதலிடம்தான் போட்டிருப்பேன். அதற்காக நான் வெட்கப்படவேண்டும் என்று நினைக்கவில்லை.

யாழ்_நியூஜெர்சி

வெட்கப்பட வேண்டாம். அந்த இரண்டு நடுவர்களும் நல்ல மனிதர்கள், காலை ஏழு மணிக்கு வந்து பிள்ளைகளுக்காக நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள். நீங்கள் முதலில் சொன்னதையும் இரண்டு நாளாக யோசித்தேன். சூடான் பற்றிப் பேசிய பெண்ணுக்கு நான் இரண்டாம் இடம் போட்டேன். அவள் சொன்னதில் எது சரி எது பிழை என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் சூடானில் பிறந்த ஒருவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரே அறையில் இரண்டு அளவுகோல் வைத்தேன் என்பது உண்மை. அவனுக்கு நாலாம் இடம் கடுமைதான், இரண்டாவது போட்டிருக்கலாம். முதலிடம் போட்டிருக்கமாட்டேன், அதில் மாறவில்லை.

பேலட்டின் பின்பக்கம் முழுக்க அம்பாந்தோட்டைக் கணக்கை எழுதியிருக்கிறேன். அவன் கோச் அதைப் படித்துக்காட்டினால் எனக்குப் போதும்.

மிச்சிகன்_அம்மா

பேலட்டைப் பிள்ளைகள் வரி வரியாகப் படிப்பார்கள் அக்கா. என் மகன் "நல்ல குரல்" என்று மட்டும் எழுதிய பேலட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, திட்டி எழுதியதை மேசையில் ஒட்டிவைத்திருக்கிறான்.

தேதி விஷயம் பேசிவிட்டேன். மாதம் மட்டும் சொல்கிறேன் என்றிருக்கிறான். அடுத்த போட்டியில்தான் தெரியும்.

பழைய_டப்

அட்டவணைச் சிக்கல் உண்மைதான், அண்ணா. அப்படியானால் வீட்டில் செய்யலாம். என் அக்காள் மகளுக்கு நான் இப்படித்தான் பயிற்சி கொடுக்கிறேன்: ஏழு நிமிடம் பேசட்டும், உட்காரவிடாமல் மூன்று கேள்வி. முதல் கேள்வி அவள் சொன்ன ஓர் எண்ணைப் பற்றி, இரண்டாவது அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது, மூன்றாவது எதிர்த்தரப்பில் இருப்பவர் என்ன சொல்வார் என்பது.

யாழ்_நியூஜெர்சி

நேற்று இரவு மகளோடு செய்து பார்த்தேன். கேள்வி, வரிவிதிப்பில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரம் பற்றியது. ஏழு நிமிடம் கடகடவென்று பேசினாள். முதல் கேள்விக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்குக் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு "தெரியாது அம்மா, பார்த்துச் சொல்றன்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை, பதினொன்றரை மணிவரை அவள் படித்துக்கொண்டிருந்தாள்.