எங்கள் ஏரியை அளக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னையை ஒட்டிய சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் ஏரி வேலையில் இறங்கியவர்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். 2019 கோடையில் சிட்லபாக்கத்து மக்கள் தாங்களே ஏரிக்குள் இறங்கித் தூர் அள்ளியதைப் பார்த்துத்தான் எங்கள் தெருக்காரர்களுக்கும் தைரியம் வந்தது.

எங்கள் ஏரி தாம்பரத்துக்குக் கிழக்கே. கரையும், மிகுநீர் வழியும் கலங்கலும் நன்றாகத்தான் இருக்கின்றன. வரத்துக் கால்வாய்தான் கவலை: பாதி தூரம் கட்டடம், மீதியில் கழிவுநீர். குப்பை அள்ள ஆள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் எல்லை தெரியாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் ஏரி மிஞ்சாது.

ஏரியை அளந்து எல்லைக்கல் நட 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) ஏரிகளுக்கு. ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. எங்களுடையது அந்த வகை என்கிறார்கள் பெரியவர்கள். அப்படியானால் அளக்கச் சொல்லி முதலில் யாரிடம் மனு கொடுப்பது, தாசில்தாரிடமா, மாநகராட்சியிலா? நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும், நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேடும் நகல் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கால்வாயின் பழைய புல எண்ணை (சர்வே நம்பர்)த் தேடத் தெரிந்த ஓய்வுபெற்ற சர்வேயர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஆகாயத்தாமரை அகற்றும் இயந்திரம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும்.