தண்டையார்பேட்டை வீட்டுக் குழு

சுமதி: (படம்) பின்பக்கம் துணி துவைக்கிற கல்லடியில் கிடக்கிறது. குதிக்கவில்லை, பின்னங்காலை இழுக்கிறது. என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்.

குமார்: அரணையா? பார்த்து. கடித்தால் மரணம்.

விக்கி: சாலமாண்டர் மாமா!

பிரபு: இரண்டும் இல்லை. இரண்டுக்குமே வால் உண்டு. இந்தியாவில் சாலமாண்டர் டார்ஜிலிங், மணிப்பூர் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. அரணைக்கு விஷமே கிடையாது மச்சான். இது தேரை. கண்ணுக்கு மேல் மை தீட்டின மாதிரி கருப்பு விளிம்பு தெரிகிறது பாருங்கள். அக்கா, அங்கே எதையாவது ஊற்றினார்களா?

சுமதி: பினாயில் வாடை அடிக்கிறது

லட்சுமி அத்தை: ஊற்றாமல்? கைக்குழந்தை இருக்கிற வீடு. தேரை தோஷம் பட்டால் பிள்ளை இளைத்துப்போகும். தீபா, அந்தப் பக்கம் தூக்கிப் போகாதே.

தீபா: ஊசி போடும்போது எடை பார்த்தார்கள் அத்தை. நன்றாக ஏறியிருக்கிறது.

சேகர் சித்தப்பா: நாளை பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு போகிறேன். காதுகுத்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில்தானே? யார் பெயர் முதலில்?

குமார்: தாய்மாமன் பெயர். இதில் என்ன கேள்வி?

பிரபு: அது இருக்கட்டும். அக்கா, முதலில் அதைக் கழுவு. தேரை வாயால் தண்ணீர் குடிக்காது, தோல் வழியாகத்தான் உறிஞ்சும். மூச்சும் கொஞ்சம் தோல் வழியாகத்தான். ஊற்றியது நேராக உடம்புக்குள் போய்விடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும். மாடி வாளியில் மழைத்தண்ணீர் நிற்கிறதே, அதை மெதுவாக ஊற்று. சோப்பு, சானிடைசர் படாத ஈரக்கையால் தூக்கு. கண்ணுக்குப் பின்னால் புடைப்பாக இரண்டு தெரியும். அது வியாதி இல்லை, விஷச் சுரப்பி. அழுத்தினால் வெள்ளையாகப் பால் கசியும், கண்ணில் படக்கூடாது. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவு. எதிர்வீட்டு நாய் கவ்வாமல் பார்த்துக்கொள், நாய்க்குத்தான் ஆபத்து.

லட்சுமி அத்தை: விஷம் என்று இவனே சொல்கிறான்

லட்சுமி அத்தை: கொஞ்சம் மஞ்சள் வை சுமதி

பிரபு: மஞ்சள், உப்பு எதுவும் வேண்டாம் அத்தை

விக்கி: சோறு?

பிரபு: வேண்டாம்டா. அசைகிற பூச்சியைத்தான் பிடிக்கும். இப்போது சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, ஈரத்துணி விரித்து, நிழலில் வை. தண்ணீர் நிரப்பாதே. பலமில்லாமல் இருக்கிறது, மூழ்கிவிடும்.

சேகர் சித்தப்பா: வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் பார்ப்பார்களா? அந்தப் பக்கம் வருவேன்.

பிரபு: கேட்டுப் பாருங்கள் சித்தப்பா, புண்ணியமாகப் போகும். தேறினால் நம் பின்பக்கமே விட வேண்டும். கறையான், கரப்பான் எல்லாம் அதற்குத்தான் சாப்பாடு.

லட்சுமி அத்தை: சாக்கடை மூடியைப் போட்டிருந்தால் உள்ளேயே வந்திருக்காது. 2023 மிக்ஜாம் புயலில் உடைந்தது.

சேகர் சித்தப்பா: அது பொதுப் பங்கு அக்கா. நான் மட்டும் எப்படிப் போடுவது?

லட்சுமி அத்தை: வாடகை வாங்கும்போது பொதுப் பங்கு இல்லையா?

தீபா: 🙏

சுமதி: கழுவிவிட்டேன். தொண்டை துடிக்கிறது. பின்னங்காலை ஒருமுறை உள்ளே மடக்கியது.

பிரபு: அப்பாடா. துணி காயக்கூடாது அக்கா, ராத்திரி ஒருமுறை நனை. ஷிப்ட் முடிந்து வருகிறேன்.

குமார்: பத்திரிகை?

சேகர் சித்தப்பா: காலையில் பேசுவோம். வண்டியில் பெட்டியை யார் பிடித்துக்கொள்வது?

விக்கி: நான்

சுமதி: உனக்கு நாளை பரீட்சை