சான்றிதழுக்காக வந்து தங்கிவிட்டவர்கள்

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் எழுதிக்கொடுக்கும் ஸ்கிரைப் வேலையைத் தன்னார்வமாகச் செய்துவருகிறேன். ஏன் செய்கிறாய் என்று கேட்பவர்கள் பெரிய காரணம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை மாறும் இடைவெளியில் கையில் நேரம் இருந்தது, தோழி கூப்பிட்டாள், போனேன். தொடர்ந்து போவதற்கான காரணம்தான் வேறு.

இதில் எழுதுவது கஷ்டமில்லை, சும்மா இருப்பதுதான் கஷ்டம். வரலாற்றுத் தேர்வு ஒன்றில் ஒரு பெண் முதல் உலகப்போர் 1915-இல் தொடங்கியதாகச் சொன்னாள். 1914 என்று தெரிந்தாலும் நான் 1915 என்றுதான் எழுத வேண்டும். பேனா ஒரு நொடி தயங்கினாலே போதும், எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதனால் தயங்கவும் கூடாது. முடித்ததும் "முழுசா ஒருதரம் வாசிங்கக்கா" என்றாள். எந்த இடத்திலும் குரலை அழுத்தாமல் வாசித்தேன். வேறு இரண்டு வாக்கியங்களைத் திருத்தச் சொன்னாள், 1915 அப்படியே போய்விட்டது. வெளியே வந்ததும், "போனதடவை வந்தவங்க எனக்கு உதவுறதா நினைச்சு வாக்கியத்தையெல்லாம் அவங்க இஷ்டத்துக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கு எழுதினது என் பேப்பர்" என்றாள். வருடம் தப்பான பேப்பர்தான், ஆனாலும் அவளுடையது. அன்றிலிருந்துதான் இந்த வேலை எனக்குப் பிடித்தது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒருவர் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறார். "வீட்ல பேச ஆளில்லம்மா, இங்க மைக்காவது கேக்குது" என்று வெளிப்படையாகச் சொல்வார். கல்லூரி மாணவர்கள் பலர் சான்றிதழுக்காக வருகிறார்கள். கையெழுத்து வாங்கியதும் காணாமல் போகிறவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு பையன் இப்போது கணிதத் தேர்வுகளுக்கென்றே போகிறான். பின்னத்துக்குள் பின்னம், அடுக்குக்கு மேல் அடுக்கு என்று சொல்லச் சொல்லப் பிசகாமல் எழுதுவது லேசில்லை.

தன்னார்வலர்களின் நோக்கங்களை 1998-இல் உளவியலாளர்கள் கிளாரி, ஸ்னைடர் குழுவினர் ஆறாகப் பிரித்தார்கள்: கொள்கைப் பிடிப்பு, கற்றல், சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு, வேலைவாய்ப்பு, சொந்தக் கவலையிலிருந்து ஒதுங்குவது, தன்மதிப்பு. ஒரே ஆளிடம் இவற்றில் மூன்று நான்கு கலந்திருப்பதைத்தான் நான் பார்க்கிறேன். அப்படியானால் இது சுயநலம்தானே என்று சிலர் மடக்குவார்கள். இருக்கட்டுமே. தேர்வுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்கிரைப் நேரத்துக்கு வந்தாரா என்பதுதான் முக்கியம். எனக்கு எரிச்சல் தருவது, தேர்வறை வாசலில் அந்த மாணவரை நிறுத்திப் போட்டோ எடுக்கும் ஆட்கள் மட்டும்தான்.

லண்டனில் 1953-இல் சாட் வராஹ் என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அதுதான் சமாரிட்டன்ஸ். அவரை நேரில் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். பலர் அவர்களிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பினார்களாம். அப்புறம் காதுகொடுத்துக் கேட்கும் வேலையை அவர் தன்னார்வலர்களிடமே விட்டுவிட்டார். இந்த விஷயம் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. குறுக்கே பேசாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தேர்வறையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அடுத்து ஒரு பொருளாதாரத் தேர்வு இருக்கிறது. எனக்கு அந்தப் பாடத்தில் ஒன்றுமே தெரியாது. பல இடங்களில் அந்தப் பாடம் படித்தவரை ஸ்கிரைப்பாக அனுமதிக்கவே மாட்டார்கள். எனக்கும் அதுதான் நிம்மதி. 1915 மாதிரி எது வந்தாலும் பேனா தயங்காது.