கார்பன் எல்லை வரி: வார்ப்பட ஆலைகள் எதை முதலில் மாற்றுவது?

உலைமேடை:
ஐரோப்பாவுக்குக் குழாய் இணைப்புகள் வார்த்து அனுப்புகிறோம். சரக்கைச் செய்யும்போது வெளியாகும் கார்பனுக்கு அங்கே எல்லையில் வரி போடுகிறார்கள். பல வருட வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று ஒரு எக்செல் கோப்பை அனுப்பியிருக்கிறார். ஒரு டன் வார்ப்புக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, பிக் அயர்ன் (தாதுவிலிருந்து எடுத்த கச்சா இரும்பு) எந்த ஆலையில் வாங்கியது, கோக் (சுட்ட நிலக்கரி) எத்தனை கிலோ என்று முப்பது கேள்வி. நிரப்பாவிட்டால் விலையைக் குறைத்துத்தான் பேச வேண்டும் என்கிறார். 1992 ரியோ மாநாட்டில் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு வேறு வேறு என்று கையெழுத்துப் போட்டவர்கள்தானே இவர்கள்? நூறு வருடத்துக்கு மேலாக நிலக்கரி எரித்துப் பணக்காரர்களானவர்கள் இப்போது என் குபோலாவுக்கு, கோக் எரித்து இரும்பு உருக்கும் உலைக்கு, வரி போடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து விவரம் தர மறுத்தால் என்ன?

சார்ஜ்ஷீட்:
உங்கள் கோபம் நியாயம் அண்ணா. ஆனால் மறுப்பதால் நஷ்டம் நமக்குத்தான். விவரம் இல்லையென்றால் உமிழ்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பை எடுத்துக்கொள்வார்கள், அதன் மேல் கூடுதல் சதவீதமும் சேர்ப்பார்கள். நன்றாக நடக்கும் ஆலைக்கு அது பெரிய அநியாயம்.

சட்டப்படி கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அந்தச் சுமை நம் விலையில்தான் வந்து விழும். 2023 அக்டோபரில் தொடங்கிய உமிழ்வைச் சொன்னால் மட்டும் போதும் என்ற அறிக்கைக் காலம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் உள்ளே போகும் சரக்கின் உமிழ்வுக்கு ஏற்ப அவர் சான்றிதழ் விலைக்கு வாங்கியாக வேண்டும், அதன் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும்.

தென்திசை:
முதல் ஆண்டில் வரி 2.5 சதவீதம்தானே? 2030-இல் 48.5, 2034-இல்தான் முழுதாக. அதற்குள் வேறு சந்தை பிடித்துக்கொள்ளலாம். இப்போதே ஏன் பதற்றம்?

சார்ஜ்ஷீட்:
இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2.5 என்பது இலவச ஒதுக்கீட்டில், அதாவது ஐரோப்பிய ஆலைகளுக்குக் காசில்லாமல் தரும் உமிழ்வு அனுமதியில், வெட்டும் பங்கு. நமக்கும் கழிக்கப்படும் அந்த ஒதுக்கீடு, ஒரு டன்னுக்கு இவ்வளவு என்ற ஓர் அளவுகோல் வரைக்கும்தான். உங்கள் உமிழ்வு அளவுகோலுக்கு மேலே இருந்தால், மேலே உள்ள அத்தனைக்கும் முதல் ஆண்டிலேயே முழுதாகக் கணக்கு. அழுக்கான ஆலைக்கு 2034 வரை அவகாசம் கிடையாது.

கப்பல்துறை:
நான் ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவள். முதலில் உங்கள் சரக்கின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்க வகை எண்ணைப் பாருங்கள். வார்ப்பிரும்புக் குழாய் 7303, குழாய் இணைப்பு 7307, இதர இரும்புப் பொருள் 7326, இவை வரிப் பட்டியலில் உள்ளன. 7325-இல் போகும் வார்ப்புகள் முதல் பட்டியலில் இல்லை. பம்ப், வால்வு பாகங்களும் இல்லை. ஆனால் 2025 டிசம்பரில் ஏறக்குறைய 180 பொருள்களைச் சேர்க்கும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கிறது. வெளியே இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே என்றால் விலக்கு உண்டு. ஆனால் அது வாங்குபவரின் மொத்த இறக்குமதிக்கான கணக்கு. நாம் 30 டன் அனுப்பினாலும், அவர் மற்றவர்களிடம் 500 டன் வாங்கினால் நமக்கு விலக்கு இல்லை.

வேறு சந்தை என்கிறாரே தென்திசை, பிரிட்டனும் 2027 ஜனவரியில் இதே மாதிரி வரியைத் தொடங்குகிறது.

உலைமேடை:
சரி, அப்போ கூரை முழுக்க சோலார் போட்டு, குபோலாவை எடுத்துவிட்டு மின்சாரத்தில் உருக்கும் இண்டக்‌ஷன் வைக்க வேண்டும், அதுதானே? அவ்வளவு கடனை யார் அடைப்பது?

சார்ஜ்ஷீட்:
சோலார் மின்கட்டணத்துக்கு நல்லது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் இந்த வரிக்காகப் போடாதீர்கள். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைய விதிப்படி நேரடி உமிழ்வுக்குத்தான் வரி. வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு அதில் சேராது.

பெரிய சுமை சார்ஜில், அதாவது உலையில் போடும் கலவையில் இருக்கிறது. ஊது உலையில் செய்த ஒரு டன் பிக் அயர்ன் தன் முதுகில் ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து வருகிறது. அது அப்படியே நம் வார்ப்பின் கணக்கில் ஏறும். ஸ்க்ராப்புக்கு, அதாவது கழிவு இரும்புக்குப் பூஜ்யம். ஒரு டன் உருகிய இரும்பில் 300 கிலோ பிக், 300 கிலோ ஸ்டீல் ஸ்க்ராப், மீதி நம் ரன்னர், ரைசர் ரிட்டர்ன் (அச்சுக்கு உலோகம் ஓடும் வழியிலும் ஊட்டும் குழியிலும் உறைந்து, வெட்டியபின் மீண்டும் உலைக்கு வருவது) என்று வைப்போம். யீல்டு, அதாவது உருக்கியதில் நல்ல வார்ப்பாகும் பங்கு, 60 சதவீதம் என்றால் ஒரு டன் நல்ல வார்ப்புக்கு 500 கிலோ பிக். அதாவது 1 டன் கார்பன் டை ஆக்சைடு. குபோலாவில் ஒரு டன் உருகிய இரும்புக்கு 120 கிலோ கோக் போட்டால், ஒரு டன் வார்ப்புக்கு 200 கிலோ கோக். அது 0.6 டன் பக்கம் வரும். ஆக, உலையைத் தொடும் முன் பிக்கைக் குறையுங்கள். அதனால் இரும்பில் குறையும் கார்பனை ரீகார்புரைசராலும், சிலிக்கானை ஃபெரோசிலிக்கானாலும் சரிக்கட்டலாம்.

மணல்பெட்டி:
சொல்வது எளிது சார். நாங்கள் எஸ்.ஜி. அயர்ன், அதாவது இழுத்தால் நீளும் வார்ப்பிரும்பு வார்க்கிறோம். ஒரு தடவை பிக்கைப் பாதியாக்கி ஸ்க்ராப் ஏற்றினோம். வந்த ஸ்க்ராப்பில் மாங்கனீஸ் 1 சதவீதத்துக்கு மேல். பீஸ் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டெஸ்ட் பாரை இழுத்தால் கழுத்தே சுருங்காமல் படக்கென்று ஒடிந்தது. நீட்சி 18 சதவீதம் வர வேண்டிய கிரேடில் 7. அந்த லாட் முழுவதும் திரும்ப உலைக்குள் போனது. மொத்தக் கரியும் வீணாகத்தானே எரிந்தது?

சார்ஜ்ஷீட்:
உண்மை தம்பி. இப்படி நன்றாக நீள வேண்டிய ஃபெரிட்டிக் கிரேடுக்குப் பிக்கை ஒரே நாளில் வெட்டக்கூடாது. தெரிந்த இடத்துக் குறைந்த மாங்கனீஸ் ஷீட் கட்டிங்கைத் தனிக் குவியலாக வைத்து, ஒவ்வொரு லாரியையும் ஸ்பெக்ட்ரோவில் (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) பார்த்து, ஐந்து ஐந்து சதவீதமாகக் குறையுங்கள். சாதாரண வார்ப்பிரும்பான கிரே அயர்னில் இவ்வளவு சிரமம் இல்லை, அங்கே தொடங்குவது நல்லது.

தென்திசை:
எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை. நல்ல ஸ்க்ராப் உலகத்தில் அளவோடுதான் இருக்கிறது. நீங்கள் ஸ்க்ராப் வார்ப்பை ஐரோப்பாவுக்கும், பிக் வார்ப்பை உள்ளூருக்கும் அனுப்பினால் வானத்துக்குப் போகும் கரி ஒரு கிலோகூடக் குறையாது. ரசீது மட்டும் சுத்தமாகும். இதற்குச் சூழல் காப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்நாட்டில் கார்பன் விலை வைத்தால், கட்டியதை அங்கே கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. பணமாவது நம் நாட்டிலேயே நின்று சிறு ஆலைகளுக்கு உதவும். சங்கங்கள் அதைக் கேட்டுப் போராட வேண்டும்.

சார்ஜ்ஷீட்:
கட்டியதைக் கழிக்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நானும் சேர்ந்து கேட்பேன். ஸ்க்ராப் பங்கீடு பற்றி நீங்கள் சொன்ன குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் யீல்டை உயர்த்துவது யாரையும் ஏமாற்றாது. 55-இலிருந்து 65 சதவீதமாக்கினால் ஒரு டன் வார்ப்புக்கு உருக்க வேண்டிய உலோகம் 1.82 டன்னிலிருந்து 1.54 டன்னாகிறது. உருக்கும் எரிபொருளில் 15 சதவீதம் நிஜமாகவே குறைகிறது.

மணல்பெட்டி:
இதை நான் வழிமொழிகிறேன். ரைசரைச் சுற்றி, தானே சூடு தரும் எக்ஸோதெர்மிக் ஸ்லீவ் வைத்ததும் எங்கள் ரைசர் பாதியானது. அப்புறம் ரிட்டர்னில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போட ஆரம்பித்தோம். மணலும் உருகித்தானே கசடாகிறது, அதற்கும் சூடு வேண்டுமே. உருகிய இரும்பை எடுத்துப் போகும் லேடிலுக்கு மூடி போட்டதும் உலையில் வைக்கும் சூட்டைக் குறைக்க முடிந்தது.

கப்பல்துறை:
இதையெல்லாம் செய்துவிட்டு எழுதி வைக்காமல் போனால் பயனில்லை. இனி நம் சொந்த எண்ணை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் வந்து பார்ப்பார். ஹீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு முறை உருக்கும்போதும் போட்ட சார்ஜ் எடை, கோக் பில், பிக் கொடுத்த ஆலையின் உமிழ்வுச் சான்று, இவை இல்லாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். பல இடங்களில் கோக்கைக் கூடைக் கணக்கில்தான் போடுகிறார்கள். ஈரமான கோக் ஒரு கூடையும் காய்ந்தது ஒரு கூடையும் ஒன்றா?

உலைமேடை:
எங்களிடமும் கூடைக் கணக்குதான். இன்று காலை ஒரு கூடையை எடை போட்டேன், 18 கிலோ. அடுத்தது 23. இத்தனை வருடம் ஒன்றாகத்தான் எழுதினோம்.

வரி நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதில் தென்திசை பக்கம்தான் நிற்கிறேன். குபோலாவையும் இப்போதைக்கு இடிக்கப் போவதில்லை. ஆனால் நாளை முதல் ஹீட்டிலிருந்து தராசு மேடையிலேயே இருக்கும். பிக் கொடுக்கும் ஆலைக்குப் போன் செய்து உமிழ்வுச் சான்று கேட்டேன், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். இங்கே யாரெல்லாம் பிக் வாங்குகிறீர்களோ, நீங்களும் உங்கள் ஆலைகளிடம் கேளுங்கள். ஒருவன் கேட்டால் தர மாட்டார்கள்.