'ரிப்' செய்வதற்குப் 'படியெடுத்தல்'

அனைவருக்கும் வணக்கம்.

ஆடியோ சிடியில் உள்ள ஒலியைக் கணினியில் கோப்பாக எடுப்பதை ஆங்கிலத்தில் 'ரிப்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த உரையாடலில் இதுவரை வந்த 'கிழித்தல்', 'உரித்தல்' இரண்டையும் விட்டுவிடலாம். பழத்தை உரித்தால் தோல் போய்விடும். இங்கே தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. 'படியெடுத்தல்' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் எங்கள் அல்சூருக்குப் பக்கத்திலேயே தொம்மலூர் சொக்கநாதர் கோயில். அங்கே பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டை எப்படிப் படியெடுப்பார்கள்? ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது, எழுத்து வெள்ளையாகத் தெரியும். கல் இருந்தபடியே இருக்கும். சிடியிலும் நுண்ணிய பள்ளங்கள்தான்; அவற்றை லேசர் தொடாமலே படிக்கிறது.

'நகலெடு' போதாதா என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. போதாது. அது கோப்புகளுக்கு உரிய சொல். தரவுத் தகட்டில் 2352 பைட் கொண்ட ஒரு பிரிவில் 2048 பைட்தான் தரவு. மீதியில் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தமும் இருக்கும். ஒலித்தகட்டில் அந்த 2352 பைட்டும் ஒலிக்கே போய்விடுகிறது, அதாவது நொடியில் 75இல் ஒரு பங்கு இசை. அந்தக் கூடுதல் பிழைதிருத்தம் இல்லாததால், கோப்பைப் போல அப்படியே பிசகாமல் நகலெடுக்க முடிவதில்லை. கீறல் ஆழமாக இருந்தால் பிளேயர் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பிவிடும். அப்பாவின் கச்சேரித் தகடு ஒன்றைச் சாதாரண மென்பொருளில் எடுத்தபோது ஆலாபனை நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற 'ரிப்' மென்பொருள் அங்கேதான் உதவியது. அதன் பாதுகாப்பு முறை ஒரே இடத்தை வழக்கமாக இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் 16 முறை படித்து, 8 முறையாவது ஒரே விடை வந்தால்தான் ஏற்கும். அப்புறம் அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில், அதே தகட்டை எடுத்த மற்றவர்களின் சரிபார்ப்புத்தொகையோடு (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சோதனை எண், 'செக்சம்') ஒப்பிடும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பல படிகளை ஒப்புநோக்கிப் பாடத்தை முடிவுசெய்வது இதேதான். ஆகவே அந்த முறைக்கு 'ஒப்புநோக்கிப் படியெடுத்தல்' என்கிறேன். நீளம்தான், ஆனால் பொத்தானில் 'படியெடு' மட்டும் போதும். மென்பொருளைப் 'படியெடுப்பி' எனலாம்.

'ஆஃப்செட்' என்பதற்கு மட்டும் சொல் பிடிபடவில்லை. ஒவ்வொரு சிடி டிரைவும் சில சாம்பிள்கள் (ஒலியின் மிகச்சிறு அளவீடுகள்) முன்னதாகவோ பின்னதாகவோ படிக்கத் தொடங்குகிறதே, அது. 'விலகல்' என்றால் பிழை என்று தோன்றிவிடும். 'தொடக்க நகர்வு' சரிவருமா? கல்வெட்டுத் துறையில் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.