உலர்த்திய உளுந்தஞ்சோற்றுடன் ஹம்ப்டா கணவாய் வரை: மலைப்பயணச் சாப்பாடு குறித்த அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நாங்கள் நான்கு பேர் இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயைக் கடந்து லாஹுல் பக்கம் இறங்கினோம். சுமார் 4,270 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்க்குக் கூடாரம், அடுப்பு, ஐந்து நாள் உணவு என எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்தோம். அந்த உணவு முழுவதும் எங்கள் அடுக்களையில் சமைத்து, நீரை வற்றவைத்துப் பொட்டலம் கட்டியது. அதற்கு முந்தைய இரண்டு முயற்சிகள் கெட்டுப்போயின என்பதால், அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அரிசியையும் பருப்பையும் அப்படியே கொண்டுபோய்ச் சமைத்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், 3,600 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டில் துவரம் பருப்பு மலர்வதற்குள் கையிலுள்ள சிறிய எரிவாயுக் குப்பி தீர்ந்துவிடும். முன்பே வெந்து உலர்ந்த சோற்றுக்கு மறுபடி வேகவேண்டிய தேவையில்லை. இழந்த நீரைத் திரும்பக் குடித்தால் போதும். எடையும் பெரிதாகக் குறைகிறது. கெட்டியான சாம்பார் 300 கிராம் இருந்தால், உலர்ந்தபின் அது 60 கிராம் அளவில் நின்றுவிடும்.

பங்குனி பிறந்தால் எங்கள் ஆச்சி தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வெள்ளை வேட்டியை விரித்து, சீனியவரைக்காய், மிதுக்கங்காய், சுண்டைக்காய், மோர்மிளகாய் என்று வரிசையாகக் காயப்போடுவார்கள். நெல்லை வெயிலில் சில நாட்களிலேயே எல்லாம் கலகலவென்று ஆகிவிடும். அதைப் பார்த்து வளர்ந்த துணிவில், அம்பை 16 ரக அரிசிச் சோற்றைக் காலையில் வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்து வேட்டியில் பரப்பினேன். இருட்டியதும் வீட்டுக்குள் எடுத்து வைத்து, மறுநாள் மீண்டும் வெயிலில் போட்டேன். பார்வைக்கு முத்துப்போல இருந்தது. பயணத்துக்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று அதை நன்றாகக் கொதிக்க வைத்தே சாப்பிட்டோம். மூன்று மணி நேரத்துக்குள் நானும் என் தம்பியும் வாந்தி எடுத்துத் துவண்டுபோனோம்.

சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; சோறு ஆறிக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன; வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அப்படியானால் ஆச்சியின் வத்தல் யாரையும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று பல நாள் யோசித்தேன். அவர்கள் காயை உப்பும் புளித்த மோருமாக ஊறவைத்த பிறகே வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கிருமியை முதலில் தடுத்தவை அந்த உப்பும் புளிப்பும்தான். வெயில் வேலையை முடித்துக் கொடுத்தது. ஆச்சியிடமிருந்து நான் வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு, உப்பையும் மோரையும் விட்டுவிட்டேன். சாதாரண உப்பளவில் சமைத்த சோற்றையும் குழம்பையும் காயவைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் விசிறியும் தட்டுகளும் உள்ள சிறிய டிஹைட்ரேட்டர் (உணவு உலர்த்தும் இயந்திரம்) ஒன்றை வாங்கினேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று 75 டிகிரியில் வைத்து, தடிமனாக நறுக்கிய கேரட்டையும் உருளைக்கிழங்கையும் போட்டேன். மேல்தோல் முதலில் இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிற்று. கையால் தட்டினால் கல்லைப்போல ஒலித்த துண்டுகள், டப்பாவில் வைத்த நான்காம் நாள் பூசணம் பூத்திருந்தன. இப்போது காய்களை அரைவிரல் அகலத்துக்கும் குறைவாக நறுக்கி, வேகவைத்து, 55 டிகிரி அளவில் பொறுமையாக உலர்த்துகிறேன்.

எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுத்தம் பருப்பு, அரிசி, பூண்டு, வெந்தயம் ஆகியவற்றைக் குழைய வேகவிட்டு, தேங்காய்த்துருவலையும் எண்ணெயையும் சேர்க்காமல் இறக்கினேன். கொழுப்பு உலர்வதே இல்லை. தங்கி நின்று சிக்குவாடை அடித்துவிடும். இறக்கியவுடன், ஆறுவதற்குக் காத்திருக்காமல், பட்டர் பேப்பர் விரித்த தட்டுகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, 60 டிகிரியில் பத்து மணி நேரம் விட்டேன். நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டுக் கட்டிகளை உதிர்த்தேன். விரலால் நசுக்கினால் நெகிழாமல் நொறுங்க வேண்டும் என்பதே பக்குவம். சாம்பாரையும் இப்படியே படலமாக உலர்த்தி மிக்ஸியில் பொடித்துக்கொண்டேன். முருங்கைக்காயை மட்டும் சேர்க்கவில்லை, அதன் நார் மறுபடி இளகுவதில்லை.

தேங்காய்ப்பாலும் காய்களும் பாசிப்பருப்பும் சேர்ந்த எங்கள் ஊர்க் குழம்பான சொதியை உலர்த்த வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை இருந்தது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே, காயையும் பாசிப்பருப்பையும் மட்டும் உலர்த்தி எடுத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் தேங்காய்ப்பால் பொடியைத் தனிப் பொட்டலமாக வைத்து, முகாமில் இரண்டையும் சேர்த்தோம். திருமண வீட்டு மறுநாள் பந்தியின் சொதி அது என்று சொல்லமாட்டேன். ஆனால் இஞ்சி மணத்தோடு அது கொதித்தபோது நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டோம்.

கணவாய்க்கு முந்தைய முகாமில் மாலையிலேயே குளிர் விறைத்தது. 100 கிராம் உளுந்தஞ்சோற்றுக்கு 250 மில்லி தண்ணீர் விட்டு, முதலில் பச்சைத் தண்ணீரிலேயே கால் மணி நேரம் ஊறவைத்தோம். பிறகு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். நல்லெண்ணெயை ஒரு சிறு குப்பியில் தனியாகக் கொண்டுபோயிருந்தோம். அதை மேலே ஊற்றி, எள்ளுப்பொடியைத் தூவியபோது, எங்களோடு வந்த தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தென்காசியிலிருந்து

அண்ணாச்சி எழுதியது பெரும்பாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஈரப்பதம் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும்போது எங்களுக்குச் சாரல். அதே நாளில் திருநெல்வேலியில் வெயில் காயும், இராதாபுரம் பக்கம் காற்றாடிகள் சுழலும். நான் குற்றால சீசன் நேரத்தில் உலர்த்திய காய்கள், தட்டிலிருந்து எடுத்த அரை மணி நேரத்திலேயே நமத்துப்போயின. இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்தது. அறையின் காற்றே ஈரமாக இருந்தது. இப்போது மாசி முதல் சித்திரைக்குள் ஆண்டுத் தேவையை முடித்துக்கொள்கிறேன்.

உலர்த்தியதை உடனே பொட்டலம் கட்டிவிடவும் கூடாது என்பது என் கருத்து. கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பார்க்கிறேன். ஒரு துண்டில் தங்கிய ஈரம் மற்றவற்றுக்குப் பரவிச் சமமாகும். ஜாடியின் உட்புறம் வியர்த்தால் மீண்டும் தட்டுக்கு அனுப்பிவிடலாம். அண்ணாச்சியின் கேரட்டையும் இப்படி வைத்திருந்தால் பூசணம் வருமுன்னே தெரிந்திருக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

நாங்கள் பெண்கள் ஐவராக மலைநடைக்குப் போகிறோம். பெரும்பாலும் நம் பக்கத்து மலைகளிலேயே, வனத்துறை அனுமதி தரும் பாதைகளில் மட்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். அதைக் குறையாக நான் கருதவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததற்குப் பின், கோடையில் காய்ந்த புல்லைப் பார்த்தாலே எனக்கு மனம் பதறுகிறது. எனவே அடுப்பே வேண்டாத சாப்பாட்டைத்தான் நாங்கள் தேடினோம்.

விடை நம் வீட்டு அவல்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடிப்பதால் அது முன்பே வெந்த பண்டம். பச்சைத் தண்ணீரிலேயே கால் மணி நேரத்தில் மெத்தென்று ஊறிவிடும். கெட்டிச் சிவப்பு அவலோடு பருப்புப்பொடி, வீட்டிலேயே வறுத்த சுண்டவத்தல், உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை ஆகியவற்றைக் கலந்து ஒருவருக்கு ஒரு டப்பா என்று எடுத்துச் செல்கிறோம். புளிக்காய்ச்சலை உலர்த்த இரண்டு முறை முயன்றேன். புளி காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசினாகிவிடுகிறது. இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்று போதும்.

அண்ணாச்சி, கோழிக்கறியை உலர்த்திப் பார்த்தீர்களா? எங்கள் மதினி, உப்புக்கண்டம் போடுவதுபோலத்தானே என்கிறார்.

பாளையங்கோட்டையிலிருந்து

மதினியிடம் அது வேறு, இது வேறு என்று சொல்லுங்கள். உப்புக்கண்டத்தைக் காப்பது அதில் ஏறியிருக்கும் உப்பு. சாதாரண உப்பளவில் சமைத்த கறிக்கு அந்தக் காவல் கிடையாது. நான் ஒருமுறை துண்டுகளாக உலர்த்தினேன். எவ்வளவு ஊறவைத்தாலும் ரப்பர்போல இருந்தன. அடுத்தமுறை கொழுப்பில்லாத நெஞ்சுக்கறியைக் கொத்தி, எண்ணெயில்லாமல் முழுமையாக வேகவைத்து உலர்த்தினேன். கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டியிருக்க வேண்டும் என்பதால் சமையல் வெப்பமானி வைத்தே பார்த்தேன். உலர்த்தும் சூட்டையும் 70 டிகிரிக்குக் குறையவிடவில்லை. கொத்துக்கறி நன்றாக இளகி வந்தது. கிளம்பும் நாள் வரை அதை உறைபெட்டியில் வைத்திருந்து, நடையின் முதல் இரண்டு நாட்களுக்குள் சாப்பிட்டு முடித்தோம். முட்டையை வீட்டில் உலர்த்த நான் துணியவில்லை. சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியின் பயம் இருக்கிறது.

அவல் யோசனைக்கு நன்றி, தங்கச்சி. கணவாயைக் கடந்த நாளில் நண்பகலில் அடுப்பைப் பற்றவைக்க முடியாத காற்று அடித்தது. அன்று பிஸ்கட்டோடு நடந்தோம். இந்த முறை அந்த வேளைக்குச் சிவப்பு அவலும் சுண்டவத்தலும் கட்டிக்கொள்கிறேன். காணத்தை (கொள்ளை) வேகவைத்து உலர்த்திய முதல் தட்டு நேற்று ஜாடிக்குப் போயிருக்கிறது. தென்காசி நண்பர் சொன்னபடி ஒரு வாரம் குலுக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.