ரேசிங் ஜாக்கெட்ட தமிழ்ல பந்தயக் குப்பாயம்னு சொன்னா சிரிப்பீங்களா?

அண்ணாச்சி, நீங்க சொன்ன 'பந்தய மேலங்கி' தப்புன்னு சொல்லல, ஆனா அங்கின்னு கேட்டாலே எனக்கு வக்கீல் கவுனும் ஃபாதர் பூசைக்கு போடுறதும்தான் கண்ணுல வருது. இடுப்போட நின்னு, முன்னால ஜிப்பு, தோள்ல கறுப்பு வெள்ளை கட்டம், நெஞ்சுல ஆயில் கம்பெனி பேரு தச்ச உடுப்புக்கு அது ஒட்டவே இல்ல.

ஜாக்கெட்டுன்னே விட்டா என்னன்னு தம்பி கேட்டிருந்தான். விடலாம்டே, ஆனா நான் மார்த்தாண்டத்துல ஒரு தையக்கடையில போயி ஜாக்கெட் தைக்கணும்னு சொன்னதுக்கு, அவரு தலைய நிமித்தாமலே "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியளா, லைனிங் உண்டா"ன்னு கேட்டாரு, பக்கத்துல நின்ன அக்காமாரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல நிக்கி.

'பந்தயக் கவசம்' கண்டிப்பா வேண்டாம். கார் பந்தயக்காரன் போடுறது நோமெக்ஸ் மாதிரி லேசுல தீப்பிடிக்காத துணியில கழுத்துலருந்து கால் வரைக்கும் ஒரே உடுப்பு, பைக் பந்தயக்காரனுக்கு தோலு, முட்டுலயும் முழங்கையிலயும் பேடு. நாம பேசுறது அதோட சாயல மட்டும் எடுத்துக்கிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுல காலேஜ் பையன் போட்டு நிக்கானே, அந்த காட்டன் பாலியெஸ்டர் சமாச்சாரம். ஆரல்வாய்மொழி காத்துக்கு கொஞ்சம் தாங்கும், ரோட்டுல விழுந்தா தாங்காது. கவசம்னு பேரு வச்சா எவனாவது நம்பிருவான்.

பழசுல தேடுனா சங்க காலத்து முல்லைப்பாட்டுல யவனருக்கு 'மெய்ப்பை', அதாவது சட்டை, வருது, கூடவே குதிரைச் சவுக்கும் உண்டு, பந்தயத்துக்கு பொருத்தம்தான்! ஆனா இன்னைக்கு கடையில கேட்டா துணிப்பைய எடுத்து நீட்டுவான்.

அதான் 'குப்பாயம்', சட்டைக்கு உள்ள பழைய பேரு. அது மலையாளம்லான்னு உடனே சொல்லாதீங்க, சீவக சிந்தாமணியிலயே மிலேச்சன், அதான் வெளிநாட்டுக்காரன், குப்பாயம் போட்டுட்டுதான் வாறான். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்லயும் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் கிடந்த கன்னியாகுமரிக்காரங்க நமக்கு, களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா கேக்குற சொல்லு அந்நியமா என்ன.

'பந்தய'ங்கிற முன்னொட்ட மட்டும் எல்லாத்துக்கும் போட வேண்டாம். 1928ல நியூயார்க்ல ஷாட் கம்பெனி போட்ட ஜிப்பு வச்ச தோல் உடுப்பு பைக் ஓட்டுறவனுக்குள்ளது, அது 'ஓட்டிக் குப்பாயம்'. கட்டமும் கம்பெனி பேரும் இருந்தா மட்டும் பந்தயக் குப்பாயம்.

பந்தயம் முடியும்போது ஆட்டுற அந்த கட்டம் போட்ட கொடிக்கு 'கட்டக்கொடி'ன்னு ஒண்ணு வச்சிருக்கேன், காதுக்கு கொஞ்சம் கரடுமுரடா கிடக்கு. வேற யாருகிட்டயாவது இருந்தா போடுங்க.